நாலாவது ஓடு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒன்று. மச்சினன் காலையிலேயே வந்து நின்றான். "அத்தான், பன்னிரண்டாவதும் அச்சுல வந்துடுச்சு" என்றான். கையில் இதழ். நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஓ, சந்தோஷம்" என்றேன். சந்தோஷமாவது! பிரஷ் முனையில் எடுத்த ஓடு நழுவி மணலுக்குள் விழுந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் ஓடு. திரும்பக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

ஆய்வுக் கப்பல் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்திலிருந்து அள்ளிக்கொண்டு வரும் சேற்றைச் சல்லடையில் அலசுவோம். மிஞ்சும் மணலில் குட்டிக் குட்டி நத்தை ஓடுகள். அவற்றில் இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் இருந்தால் அளந்து, வர்ணித்து, பெயர் சூட்டி அச்சில் ஏற்ற வேண்டும். இதுதான் அருங்காட்சியகத்தில் எங்கள் பிரிவு செய்யும் வேலை. நான் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன், ஆறு இனம். அவன் நாலு வருஷமாகச் செய்கிறான், பன்னிரண்டு.

முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நத்தை' என்று பெயர். தெரியாத மாதிரி இருந்துகொள்கிறேன். அவனுக்கும் நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், இந்த நோட்டுக்குள் மட்டும்: முந்திரிக்கொட்டை.

மார்ச் 6, வியாழன்

இயக்குநர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தாராம். எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. நான் டீ குடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் சாப்பிட வந்தான். என் மனைவியும் அவள் தம்பியும் சேர்ந்துவிட்டால் எனக்கு வீட்டில் நாற்காலி மட்டும்தான். அவன் எழுதியதை இவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறாள். ஓடுகளைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? இவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"எங்க லேப்ல காலையில ரத்தம் எடுத்தா சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கையில இருக்கணும்" என்றாள் அவனிடம், என்னைப் பார்த்துக்கொண்டே. "உங்க அத்தானை எங்க லேப்ல போட்டா நோயாளி குணமாகிப் பேரப்பிள்ளை எடுத்தப்புறம்தான் ரிப்போர்ட் வரும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் காட்டுவதற்குப் பெயர் சிரிப்பு என்றால்.

அவன் போன பிறகு, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "என் பேர் இன்னும் டப்பாக்குள்ளயேதான் இருக்கா?"

அந்த ஓட்டைப் பற்றிக் கேட்கிறாள். பதினாலு வருஷம் முன்னால் முதல் முதலாக ஒன்று கிடைத்தது. இரண்டு மில்லிமீட்டர், தந்தத்தின் நிறம், உச்சியிலிருந்து கீழ் வரைக்கும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிகள். அன்றைக்கு ஓடிவந்து இவளிடம் சொன்னேன்: இதுக்கு உன் பேர்தான். இதுவரை ஐந்து கிடைத்திருக்கிறது. ஐந்துக்கும் வாய் உடைந்திருக்கிறது. வாய் விளிம்பு தெரியாமல் ஒரு நத்தையை வர்ணிப்பது மூக்கைப் பார்க்காமல் முகத்தை வரைவது மாதிரி. வாய் உடையாத ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

"கிடைச்சதும் எழுதிடுவேன்" என்றேன்.

"இலவு காத்த கிளி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். நான் இன்னும் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இதழாசிரியரிடமிருந்து மின்னஞ்சல். ஒரு கட்டுரையைப் படித்து, அச்சிடலாமா கூடாதா என்று கருத்துச் சொல்ல வேண்டுமாம். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். என் பெயரும் எழுதியவருக்குப் போகாது. அதுதான் வழக்கம்.

முதல் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லா ஓட்டுக்கும் இடது பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் போடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். பக்கத்து மேசைக்காரன். என் மச்சினன்.

சொந்தக்காரன் எழுதியது, என்னால் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். அனுப்பவில்லை. முழுக்கப் படித்தேன்.

ஐந்து புது இனங்கள். அதில் நாலாவது புது இனமே இல்லை!

மார்ச் 22, சனி

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் ஆளாக மியூசியத்துக்குப் போய் என் அலமாரியைத் திறந்து சரிபார்த்தேன். சந்தேகமே கிடையாது.

அவன் நாலாவதாக எழுதியிருப்பது ஒரு குட்டி. தட்டையாக, நடுவில் கூரான விளிம்போடு, அடியில் தொப்புள் என்கிற சிறு குழி திறந்து இருக்கிறது. அவன் அதைப் புதிது என்று நினைத்துவிட்டான். எண்பது வருஷம் முன்னாலேயே பெயர் வைத்த ஒரு பழைய இனம்தான் அது. வளர வளர அந்த விளிம்பு மழுங்கும், தொப்புள் மூடிக்கொள்ளும், வாயில் ஒரு பல் முளைக்கும். குட்டியையும் பெரியதையும் தனித்தனியாகப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னிடம் முப்பத்தொரு ஓடுகள் வரிசையாக இருக்கின்றன, முக்கால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை வரைக்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தால் குழந்தை வளர்கிற ஆல்பம் மாதிரி தெரியும். எல்லாவற்றுக்கும் உச்சியில் அதே புள்ளி வரிசை. பிறக்கும்போதே இருக்கும் அந்த முதல் சுற்று மட்டும் சாகும்வரை மாறாது.

இந்த வரிசை உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஜனவரியில் அவன் கேட்டான்: "அத்தான், இந்தப் பேரினத்துல உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா, ஒப்பிட்டுப் பார்க்கணும்." அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. வைக்கோல்போர் நாய் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது எனக்காகவே யாரோ சொல்லி வைத்தது.

சரி, தப்பு இருக்கிறது, எழுதி அனுப்பு, முடிந்தது. இதற்கு எதற்கு ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும்?

ஏனென்றால் அந்த நாலாவது ஓட்டுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அவள் பெயர். பின்னால் ஒரு லத்தீன் வால். 'என் அக்காவுக்கு' என்று ஒரு வரி.

என் பெண்டாட்டி பேரு அது. நான் வைக்க வேண்டிய பேரு. என்னைக் கேட்டானா?

மார்ச் 25, செவ்வாய்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரு கூட்டத்துக்குள், ஒரு பெயரை ஒரு தடவைதான் வைக்கலாம். வைத்த ஓடு தப்பு என்று பிறகு தள்ளப்பட்டாலும் அந்தப் பெயர் மறுபடி எழுந்து வராது. வேறு ஓட்டுக்கு வைக்கவும் முடியாது. டப்பாவில் இருக்கும் என் ஐந்து ஓடுகளும் அதே பேரினம்தான்.

நான் இப்போது தடுத்தால் அவன் நாலாவதை எடுத்துவிட்டு அந்தப் பெயரை ஐந்தாவதுக்கு வைப்பான். ஐந்தாவதும் அதே பேரினம், அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் உலகம் உள்ளவரைக்கும் அவள் பெயரை வைத்தவன் அவன்.

நான் தடுக்காவிட்டால் அவள் பெயர் ஒரு குட்டி ஓட்டோடு போய்ச் சேரும். ஒருநாள் குட்டு வெளிப்படும். அவன் மூக்கு உடையும். பெயரும் சாகும். எனக்கும் கிடைக்காது, அவனுக்கும் கிடைக்காது.

எனக்கு இல்லாதது அவனுக்கும் இல்லை. இவ்வளவு கேவலமாக ஒரு வரியை என் கையால் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. கோடு போட்டு அடிக்கவும் மனசு வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

அனுப்பிவிட்டேன். 'நல்ல கட்டுரை. ஆட்சேபம் இல்லை.'

ஏப்ரல் 2, புதன்

இப்போதுகூட இதழாசிரியருக்கு இரண்டு வரி எழுதலாம். எழுதவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

அச்சில் வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்தான். வாசலிலேயே, "அக்கா, கண்ணை மூடு" என்றான். அவள் கண்ணை மூடினாள், நாற்பத்தாறு வயதில். பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தான்.

அவள் பெயரை விரலால் தடவினாள். இரண்டு தடவை. பிறகு அழுதாள். அவ்வளவு அழுவாள் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை, "ஏய், நத்தைக்குத்தான் வெச்சேன், ஏதோ ஊருக்கே வெச்ச மாதிரி அழற" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன், ரொம்ப நல்லா இருக்கு என்றேன்.

வயிறு எரிந்தது. எரிந்தது என்று எழுதினால் போதவில்லை. பற்றிக்கொண்டு எரிந்தது! நான் பதினாலு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்ததை ஒருத்தன் ஐந்தே மாதத்தில் செய்துகாட்டிவிட்டான். தப்பாகச் செய்தான், சரி. அவளுக்கு அது தெரியுமா? அவள் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்துக்கு அது தெரியுமா?

ஜூன் 16, திங்கள்

லேப் முழுக்கச் சொல்லிவிட்டாளாம். அவளுடைய மேலதிகாரி, "மேடம், உங்களை எத்தனை மீட்டர் ஆழத்துல கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதியம் இரண்டு மணி இருக்கும். புதிதாக வந்த சேற்றை அவன் பிரித்துக்கொண்டிருந்தான். பேச்சே இல்லை. எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிறவன். திரும்பிப் பார்த்தேன், முகம் வெளுத்திருந்தது.

"அத்தான், கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். பாதி வளர்ந்த ஓடு. விளிம்பு பாதி மழுங்கி, தொப்புள் பாதி மூடி. முப்பத்தொன்றில் ஒரு பதினாலாவது, பதினைந்தாவது இருக்கும்.

"நாலாவது இனம் இல்ல அத்தான். அது குட்டி. நான் குட்டிக்குப் போய் அக்கா பேரை வெச்சுட்டேன்."

ஐந்து மாதமாக இந்த நிமிடத்துக்குத்தான் காத்திருந்தேன். வந்துவிட்டது. மனசுக்குள் மேளம் கொட்டும் என்று நினைத்திருந்தேன். கொட்டவில்லை.

"உங்க அலமாரியில இது மாதிரி ஏதாவது இருக்குமா? நடுவுல உள்ளதெல்லாம் கிடைச்சா நிச்சயமாத் தெரிஞ்சுடும்."

திறக்காமல் இருக்க முடியவில்லை. வரிசையை வெளியே எடுத்து வைத்தேன். பக்கத்தில் என் கையெழுத்தில் சீட்டு: பழைய இனத்தின் பெயர், 'குட்டி முதல் முதிர்ந்தது வரை', ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவன் சீட்டைப் படித்தான். "ஆறு வருஷமா இருக்கா அத்தான் இது?"

"மறந்துட்டேன்" என்றேன்.

நம்பிவிட்டான். அப்படியே நம்பிவிட்டான். "உங்களுக்கு இருக்கற ஆயிரம் டப்பாவுல எது எங்கன்னு எப்படி ஞாபகம் இருக்கும்? நான்தான் ஜனவரியில விடாம கேட்டிருக்கணும்." பிறகு, "இதழுக்காகக் கட்டுரையைப் பார்த்த ரெண்டு பேருக்கும்கூடத் தெரியல பாருங்க. பாவம், அவங்ககிட்ட இந்த வரிசை இல்லையே" என்றான்.

பாவமாம்.

ஆகஸ்ட் 20, புதன்

தப்பைத் தானே அச்சில் ஒப்புக்கொண்டு திருத்தம் எழுதப்போகிறானாம். வரிசை என்னுடையது என்பதால் என் பெயர்தான் முதலில் வரவேண்டுமாம். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். கேட்கவில்லை.

அக்காவிடம் போனில் சொல்லிவிட்டான். நான் வீட்டுக்கு வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தப் பேர் இனிமே கிடையாதா?" என்று கேட்டாள். கிடையாது என்றேன். "வேற எதுக்காவது?" அந்தப் பேரினத்தில் முடியாது என்றேன். "உங்க அஞ்சு?" அதுவும் அதே பேரினம்தான் என்றேன். ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

இயக்குநர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினார். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் தானே சொல்வதற்குத் தனி நெஞ்சு வேண்டுமாம். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். அறையே கைதட்டியது. சறுக்கியதும் அவன் யானை ஆகிவிட்டான். நான் சறுக்காமல் பத்தொன்பது வருஷமாகப் பூனையாகவே இருக்கிறேன். இதற்கும் எரிகிறது பாருங்கள். இந்த வயிறு எதனால் செய்தது?

நவம்பர் 14, வெள்ளி

திருத்தம் வெளியாகிவிட்டது. என் பெயர் முதலில். ஆறு வருஷத்துக்குப் பிறகு அச்சில் என் பெயர். இரண்டாவது பக்கத்தில், செல்லாத பெயர்களின் பட்டியலில், அவள்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் இதழை வாங்கிப் பார்த்தாள். பட்டியலில் விரலை வைத்து, "இதானே?" என்றாள். ஆமாம் என்றேன். மூடி மேசையில் வைத்தாள்.

"ஒண்ணு கேட்கணும். ஜூன்ல அவன் என் பேரைக் காட்டினப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். உங்களுக்கு ஆச்சரியமே இல்ல. என் பேரை வேற ஒருத்தன் வெச்சிருக்கான், அப்ப நீங்க ஒண்ணு திடுக்கிட்டிருக்கணும், இல்ல சண்டை போட்டிருக்கணும். ரெண்டும் இல்ல. முன்னாடியே பார்த்திருந்தீங்களா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

"பார்த்தேன்."

"அது குட்டின்னு தெரியுமா அப்ப?"

"தெரியும்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எங்க லேப்ல தப்புன்னு தெரிஞ்சே ஒரு ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட்டா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அனுப்பறதுதான் சரி." அந்த இதழைத் தள்ளி வைத்தாள். "நீங்க பேர் வெக்கலையேன்னு எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்ல. மெதுவான ஆளு, வெப்பார்னு இருந்தேன். அவன் தப்பா வெச்சான். ஆனா வெக்கணும்னு அவனுக்குத் தோணுச்சு."

எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

"அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது கோள். நீங்களே சொல்லுங்க."

நவம்பர் 17, திங்கள்

சொல்லவில்லை.

நவம்பர் 24, திங்கள்

சொல்லவில்லை. வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. தண்ணி வேணுமா, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான்.

டிசம்பர் 3, புதன்

அவனுக்குக் கிடைத்துவிட்டது.

காலை பத்தரை மணிக்கு மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தான். "அத்தான், இது மாதிரி நான் பார்த்ததே இல்ல." குனிந்து பார்த்தேன். தந்த நிறம். சீப்பு வாரிய வரிகள். வாய் உடையவில்லை! காகிதம் மாதிரி மெல்லிய விளிம்பு, வெளிப்பக்கமாக லேசாக மடிந்து. பல் இல்லை. பதினாலு வருஷமாக அங்கே ஒரு பல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

அவன் கைக்குப் போய்தான் கிடைக்க வேண்டுமா? இதுதான் முதலில் தோன்றியது. பொய் எழுதுவானேன். கண்ணை எடுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தது அதற்குப் பிறகுதான்.

அலமாரியைத் திறந்து என் ஐந்தையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தேதிச் சீட்டுகளையும் பார்த்தான்.

"அப்ப இது உங்களுது அத்தான். நீங்கதான் எழுதணும்" என்றான் உடனே. யோசிக்கக்கூட இல்லை. பிறகு குரல் இறங்கிவிட்டது. "அக்கா பேர் இதுக்குப் போயிருக்க வேண்டியது. எவ்வளவு நல்ல ஓடு. அவசரப்பட்டு நான் நாசம் பண்ணிட்டேன். நாலு மாசமா அதான் மனசுல அறுத்துக்கிட்டே இருக்கு."

நாலு மாதமாக அறுக்கிறதாம். அவனுக்கு.

"நீ நாசம் பண்ணல" என்றேன். "மார்ச்சுல அந்தக் கட்டுரையைப் பார்த்துச் சரின்னு அனுப்பினது நான்தான். வரிசையை மறக்கவும் இல்ல. குட்டின்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

அவன் சிரிக்கப் போனான். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"எதுக்கு?"

"பொறாமை."

இன்னும் ஏதாவது கேட்பான் என்று நின்றேன். அவன் ஆறு ஓடுகளையும் ஒவ்வொன்றாக ஈரப் பிரஷ்ஷால் எடுத்து அந்தந்தக் குப்பியில் போட்டு மூடினான். ஒன்றுகூட நழுவவில்லை. என் கையாக இருந்தால் ஒன்றாவது தொலைந்திருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

அவளிடம், "சொல்லிட்டேன்" என்றேன். "தெரியும், நேத்து போன் பண்ணினான்" என்றாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் லைன்லயே இருந்தான்."

டிசம்பர் 8, திங்கள்

ஓட்டை எழுத ஆரம்பித்துவிட்டோம். வேலை நிற்காதே. அவன் அளக்கிறான், நான் எழுதுகிறேன். உயரம் 2.1, அகலம் 1.3, சுற்று நாலேகால். பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறேன்.

பதினொன்றரைக்கு, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் சொன்னான். "சார், அந்த லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

'சார்' என்றது என்னைத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திருப்பி வைத்தேன்.